ஏப்ரலில் தொங்கிய தீனிக்குழாய்

லோயர் ஹாலோ ஊரில் ஏப்ரல் முதல் தேதி என்றால் எல்வின் வந்து கதவைத் தட்டுவார். வேலைக்காலம் முழுக்கத் தபால்காரராக இருந்தவர். எந்த வீட்டுப் படி ஆடும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகும் கால் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பறவைச் சங்கத்துக்குத் தலைவராகி, பனி உருகிச் சேறாகிக் கிடக்கும் பாதையில் ரப்பர் பூட்ஸோடு வீடு வீடாக ஏறி இறங்குவார். அவரிடம் ஒரே கேள்விதான் இருக்கும்.

“தீனிக்குழாயை எறக்கியாச்சா?”

குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் குருவிகளுக்காகத் தொங்கும் சூரியகாந்தி விதைக் குழாயைத்தான் கேட்கிறார். முதல் பனி விழுந்ததும் மாட்டுவார்கள், ஏப்ரல் பிறந்ததும் கழற்றுவார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பக்கத்து வழக்கம் அது. காரணம் கரடி. குளிர்காலத் தூக்கம் கலைந்து எழும் கரடிக்குக் காட்டில் புல் முளையைத் தவிர ஒன்றும் கிடைக்காது. வயிறு காய்ந்து வருகிற அதற்கு ஒரு குழாய் விதை என்பது கல்யாண விருந்து. ஒரு தரம் ருசி கண்டால் போதும், வீடு என்றாலே சாப்பாடு என்று அது முடிவு கட்டிவிடும். இன்றைக்குக் குழாய், நாளைக்குக் கோழிக்கூடு, நாளன்றைக்குச் சமையலறை. அப்புறம் துப்பாக்கிதான். ‘தீனி வச்ச கரடி, செத்த கரடி’ என்பார்கள் அங்கே. எல்வின் அதைச் சொல்லாத நாளில்லை.

போன வருடம் பக்கத்து வீட்டு கிளாடெட் கழற்ற மறந்துவிட்டாள். கோழி வளர்த்து முட்டை விற்கிறவள், தனியாள். அது கோழிக்குஞ்சு பொரிக்கும் சமயம், வேலை கழுத்தை நெரித்தது. மே பிறக்கிற வரைக்கும் அவள் கொல்லையில் குருவிகளுக்காக மாட்டிய கொழுப்புக் கட்டி தொங்கியதை எல்வின் பார்த்துவிட்டார். பார்த்தவர் வேலியோரம் நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேவாலய விருந்தில், ஊரே மேப்பிள் மரத்துப் பாகும் டோனட்டும் ஊறுகாயுமாக உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று கேட்டார்.

“உன் ஒருத்தியோட சோம்பேறித்தனத்துக்கு ஒரு உசுரு போகணுமா கிளாடெட்?”

நாலு பேர் சிரித்தார்கள். அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளே கொழுப்புக் கட்டியைக் கழற்றினாள். அதற்குப் பிறகு, பனி கொட்டும் ஜனவரியில்கூட அவள் கொல்லையில் எதையும் மாட்டவில்லை. எல்வினுக்கு அதில் ஒரு பெருமை. திருத்திவிட்டோமே என்று.

அவருடைய குழாயைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மரத்திலிருந்து அணில் தாவ முடியாத தூரத்தில் இரும்புக் கம்பம் நட்டு, நடுவில் தகரக் குடை கவிழ்த்து, மேலே கொக்கியில் தொங்கவிட்டிருந்தார். கம்பிவலைக் குழாய்க்கு அடித்தட்டு செதுக்கியது அவரே. தேவதாரு மரத்தட்டு, அதன் அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எல்வின் என்று தன் பெயரைச் சுட்டு வைத்திருந்தார். மண்வெட்டியிலிருந்து மீன்தூண்டில்வரை அவர் பெயர் சுடாத பொருள் அந்த வீட்டில் கிடையாது. வாரம் தவறாமல் குழாயைக் கழற்றி, வெளுப்பான் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் விதை போடுவார். கீழே விழுந்த உமியில் பூஞ்சை பிடித்தால் குருவிக்குச் சீக்கு வரும் என்று அதையும் வாரிவிடுவார். தன் சாப்பாட்டுத் தட்டை அவ்வளவு அக்கறையாகக் கழுவியிருப்பாரா என்பது சந்தேகம்.

இந்த வருடமும் மார்ச் கடைசி நாளில் கழற்றி, கழுவி, கொட்டகையில் வைத்தார். ஊரைச் சுற்றி வந்து எல்லாரையும் கழற்ற வைத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது.

ஏப்ரல் நடுவில் திடீரென்று மறுபடி பனி கொட்டியது. காலையில் காபியோடு ஜன்னலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெறும் கம்பத்தின்மேல், வேலியின்மேல், மேப்பிள் கிளையில், எங்கு பார்த்தாலும் மஞ்சள். தடித்த அலகும் நெற்றியில் மஞ்சள் பட்டையுமாகப் பெருமூக்குக் குருவிகள், ஒரு பெரிய கூட்டம். வடக்குக் காட்டுப் பறவை அது. நினைத்தால் வரும், நினைத்தால் வராது. அவர் கொல்லைக்கு வந்து எத்தனையோ வருடமாயிற்று. இனி இந்தப் பக்கம் வரவே வராது என்றுதான் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். இன்று வந்து, காலிக் கொக்கியைக் கொத்திப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திரும்பிப் பார்க்கின்றன.

அவர் மனசு இளகிவிட்டது. இளகிய மனசு எதையும் நியாயமாக்கும். பகலில் கரடி வராது, இருட்டுவதற்குள் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இதே சமாதானத்தை வருடாவருடம் நாலு வீட்டில் சொல்லுவார்கள். ‘மறதின்னு ஒண்ணு இருக்குதே, அது யாரைக் கேட்டு வரும்?’ என்று மடக்கி அனுப்புகிறவர் இவர்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

குழாய் ஏறியது. குருவிகள் மொய்த்தன. தினமும் சாயங்காலம் தவறாமல் கழற்றிக் கொட்டகையில் வைத்தார். இடையில் இருக்கும் பைன் மரங்கள் மறைத்ததால் கிளாடெட் வீட்டிலிருந்து கம்பம் தெரியாது. ஆனால் குருவி தெரியுமே!

“என்ன எல்வின், மஞ்சமஞ்சளா ஒரு கூட்டம் உன் பக்கமே போகுது?” என்றாள் ஒருநாள், வேலியோரம் தீவன வாளியோடு நின்று.

“மேப்பிள் மொட்டு தின்ன வருதுங்க.”

“என் பக்கமும் மேப்பிள் இருக்கு. என் மொட்டு கசக்குதா?”

“அது குருவியைத்தான் கேக்கணும்.”

“கேட்டுச் சொல்லு. நீதான அதுங்க தலைவர்” என்று சிரித்துவிட்டுப் போனாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாகிவிட்டது அவர் பதில். காது சுட்டது. ஆனாலும் மறுநாள் குழாயை மாட்டினார்.

அந்த வாரம் ஊர் நூலகத்தில் அவருடைய பேச்சு. வருடாவருடம் பேசுவதுதான்: கரடியும் நம் கொல்லையும். இந்தத் தரம் கூட்டம் அதிகம். கேள்விமேல் கேள்வி. பேசி முடித்ததும் ஆப்பிள் பை என்கிற பலகாரமும் காபியும். கடைக்கார ஓர்வில் இரண்டாவது துண்டைத் தட்டில் வைத்து, “பேசியே உன் தொண்டை காஞ்சிருக்கும், தின்னு” என்றார். எல்லாரும் கைகொடுத்தார்கள். புகழ்ச்சியில் மிதந்து வீடு வந்தவர், பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே படுக்கப் போனார். கொல்லைக் கதவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழாயைக் கழற்றுங்கள் என்று ஊருக்குச் சொல்லப் போன அன்றைக்குத்தான் தன் குழாயைக் கழற்ற மறந்தார்.

விடிந்ததும் கோழிகளின் கூச்சல் கேட்டு எழுந்தார். ஜன்னல் வழியே பார்த்தார். இரும்புக் கம்பம் வில்லாக வளைந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழாயைக் காணோம். சேற்றில் பெரிய தடமும், பக்கத்திலேயே சின்னத் தடமும். தாயும் குட்டியும். தடம் பைன் மரங்களுக்கு ஊடே கிளாடெட் வீட்டுப் பக்கம் போயிருந்தது.

நல்ல மனிதன் அப்போது என்ன செய்திருப்பான் என்று எல்வினுக்கு நன்றாகத் தெரியும். அவர் செய்ததோ வேறு. கம்பத்தைப் பிடுங்கிக் கொட்டகைக்குள் போட்டார். உமியை வாரினார். தடத்தின்மேல் வைக்கோலைப் பரப்பினார். ஒரு உமிகூட மிச்சமில்லாமல் வாரினார். அதற்குப் பிறகுதான், விஷயம் தெரியாதவர் மாதிரி, கிளாடெட் வீட்டுக்கு ஓடினார்.

கோழிக்கூட்டின் ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தது. இறகுகளுக்கு நடுவே கிளாடெட் உட்கார்ந்து, உயிரிருந்த ஒரு கோழியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் வந்ததும் நிமிர்ந்து வெகுநேரம் முகத்தையே பார்த்தாள். அழுகிறாள் என்று நினைத்தார். அழவில்லை.

“உனக்கு ஏதாவது தெரியுமா எல்வின்?”

“எனக்கென்ன தெரியும்? இப்பத்தான் சத்தம் கேட்டு வரேன்.”

“சரி” என்று சொல்லிவிட்டுக் கோழியைத் தடவத் தொடங்கினாள்.

கரடி மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்து, பின்வாசல் வலைக்கதவைக் கிழித்துத் தீவன மூட்டையை இழுத்துப் போட்டது. அதற்கும் அடுத்த நாள் கிளாடெட் அடுப்படியில் நிற்கும்போதே தாழ்வாரத்தில் ஏறிவிட்டது. வனவிலங்குக் காவலர் வந்தார். இளம் பெண், பொறுமைசாலி. சுற்றிப் பார்த்துவிட்டு எல்வின் வீட்டுக்கு வந்தார்.

“கரடிச் சாணியில சூரியகாந்தி உமி கெடக்குது சார். இந்தப் பக்கம் யாரோ தீனி மாட்டியிருக்காங்க. உங்களுக்குத் தெரியாததா? யாரா இருக்கும்?”

காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி எல்வின் நின்றார். தெரியாது என்று சொல்லியிருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். ஆனால் தெரியாது என்றால், அடுத்து உங்கள் கொல்லையைப் பார்க்கலாமா என்று கேட்பாரோ என்று பயம்.

“நான் யார்மேலயும் பழி சொல்ல மாட்டேன்” என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று உலகத்துக்கே தெரியும். “போன வருஷம் கிளாடெட் மே மாசம் வரைக்கும் கழட்டாம வச்சிருந்தா. இந்த வருஷம் எப்படின்னு எனக்குத் தெரியாது.”

காவலர் தலையாட்டிவிட்டுப் போனார். எல்வின் காபியைத் தொட்டியில் கொட்டினார்.

மனித வீட்டுக்குள் ஏறப் பழகிவிட்ட கரடியை வேறு எங்கே கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வரும் என்றார்கள். மறுநாள் காலை ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. எல்வின் வெளியே போகவில்லை. போகாமலிருக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகுதான் குட்டி கத்த ஆரம்பித்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பைன் மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டு, கைக்குழந்தை அழுவதைப் போலவே அழுதது. கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்க மனிதனால் ஆகாது. மரத்தடியில் கிளாடெட் நின்றிருந்தாள். அவர் இந்தப் பக்கம் நின்றார். மதியம் வலை கொண்டுவந்து குட்டியை இறக்கி, அநாதைக் குட்டிகளை வளர்க்கும் இடத்துக்கு எடுத்துப் போனார்கள். வண்டி கிளம்பும்போது கிளாடெட் ஒரு தரம் அவர் பக்கம் திரும்பினாள். எதையோ எதிர்பார்க்கிற பார்வை. அவர் பூட்ஸைப் பார்த்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எல்வின் காவலரிடம் சொன்னது ஊரெல்லாம் பரவி, ஓர்வில் கடையில் கிளாடெட்டின் முட்டை விற்காமல் கிடந்தது. ‘கோழிக்கும் சூரியகாந்தி போட்டிருப்பா, கரடிக்கும் மாட்டியிருப்பா’ என்றார்கள். எல்வின் அந்தப் பக்கம் போவதையே விட்டார். கொல்லையில் இன்னும் ஒன்றிரண்டு பெருமூக்குக் குருவிகள் வந்து கம்பம் இருந்த இடத்தில் தேடின. அவற்றைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

மே மாதம் முதல் சனிக்கிழமை ஊரே பச்சைப் பையோடு சாலையோரக் குப்பை பொறுக்கும் நாள். பொறுக்கி முடித்து ஊர் மண்டபத்தில் கூடுவார்கள். பீன்ஸும் சோளரொட்டியும் இருக்கும். அன்று கிளாடெட்டும் வந்தாள், சேறு படிந்த பையை வாசலில் வைத்துவிட்டு வரிசையில் நின்றாள். பீன்ஸ் பரிமாறிக்கொண்டிருந்த ஓர்வில் கரண்டியை நீட்டியபடியே சொன்னார்.

“பையில என்ன கிளாடெட், கரடி தின்ன மிச்சமா?”

போன வருடம் சிரித்த அதே நாலு பேர் சிரித்தார்கள். கிளாடெட்டின் கழுத்து சிவந்தது. அந்தச் சிவப்பை எல்வின் முன்பே பார்த்திருக்கிறார். அவர் வரவழைத்த சிவப்பு அது. வாயிலிருந்த ரொட்டி மண்ணாகிவிட்டது. எழுந்து நின்றார்.

“அவ இல்ல. நான்தான். அன்னிக்கு ராத்திரி குழாய் என் கம்பத்துல தொங்கிச்சு. பெருமூக்குக் குருவி வந்துச்சுன்னு நான்தான் மாட்டுனேன். கழட்ட மறந்துட்டேன். கேட்டப்ப பொய் சொன்னேன்.”

ஓர்வில் வாய்விட்டுச் சிரித்தார்.

“நீயா? ஏப்ரல்ல குழாய் மாட்டுனியா? போப் ஆண்டவரே வந்து திருடுனேன்னு சொன்னாலும் நம்புவேன்பா!”

“நெஜமாத்தான் சொல்றேன் ஓர்வில்.”

பக்கத்திலிருந்த வினிஃப்ரெட் என்ற கிழவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “அடுத்தவ பழியைத் தன் தலைல போட்டுக்க இந்தக் காலத்துல யாருக்கு மனசு வரும்? உன் குணம் தெரியும்பா. உக்காரு, பீன்ஸ் ஆறுது.”

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும். எல்வின் இன்னொரு தரம் வாயைத் திறந்தார், சத்தத்தில் எடுபடவில்லை. உட்கார்ந்துவிட்டார். வெட்கக்கேடு என்னவென்றால், உட்கார்ந்த அந்த நிமிடம் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பாடு என்று. நிமிர்ந்து பார்த்தபோது கிளாடெட்டின் தட்டு மேஜைமேல் அப்படியே இருந்தது. அவளைக் காணோம்.

நிம்மதி வாசல்வரைகூட வரவில்லை. அவர் விறுவிறுவென்று அவள் வீட்டுக்கு நடந்தார். அவள் கோழிக்கூட்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டேன் கிளாடெட். நம்ப மாட்டேங்கறாங்க.”

“கேட்டேன். கைதட்டுனாங்க.” வாயிலிருந்த ஆணியை எடுத்துப் பலகையில் வைத்து அடித்தாள். “நல்லா இருந்துச்சா?”

அவள் சுத்தியலை வைத்துவிட்டுத் தீவன அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் அவருடைய தீனிக்குழாய். கம்பிவலை நசுங்கிப் பல் பதிந்திருந்தது. அடித்தட்டில் அவர் பெயர். சுத்தமாகக் கழுவிக் காயவைத்திருந்தாள்.

“அன்னிக்குக் காலைல கோழிக்கூட்டு வாசல்ல கெடந்துச்சு. நீ வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுட்டேன்.”

எல்வின் தன் பெயரையே பார்த்தார். “காவலர்கிட்ட காட்டியிருக்கலாமே. நான் உன் பேரைச் சொன்னதைக்கூட…”

“தெரியும். அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு.”

“அப்பக்கூடவா காட்டல?”

“உன் வாயால வரட்டும்னு பாத்தேன். கோழி செத்தன்னிக்குக் கேட்டேன், வரல. குட்டி கத்துறப்பவாவது வரும்னு நெனச்சேன்.” அவள் குரல் உயரவில்லை. “எடுத்துக் காட்டலாம்னு எனக்கும் ஆத்திரம் வந்துச்சு எல்வின். போன வருஷம் அத்தன பேர் முன்னாடி நிக்க வச்சியே, அது எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு இன்னொருத்தருக்கு அதைச் செய்ய முடியல. அவ்வளவுதான்.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் அவள் அடிக்கும் ஆணி அளவுக்குக்கூட உதவாது என்று தோன்றியது. குழாயை வாங்கிக்கொண்டார்.

“இதைக் கொண்டுபோய்க் காட்டட்டுமா?”

“உன் சாமான். உன் இஷ்டம்” என்று சுத்தியலை எடுத்துக்கொண்டாள். “எனக்கு இருட்டுறதுக்குள்ள கூட்டை முடிக்கணும்.”

குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றுப் பாதையில் நடந்தார். மண்டபத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓர்வில், வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி ஜன்னலை இறக்கினார். குழாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, ஆதாரமே சிக்கிடுச்சா! எங்க கெடந்துச்சு, கிளாடெட் கொல்லையிலயா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எல்வின் ஒரு கணம் நின்றார், அந்த ஒரு கணத்துக்காகவும் பிற்பாடு வெட்கப்பட்டார்.

“அவ கொல்லைலதான் கெடந்துச்சு. அடியைத் திருப்பிப் படி.”

ஓர்வில் வாங்கித் திருப்பினார். படித்தார். சிரிப்பு அப்படியே வாயில் நின்றது. மறுபடி படித்தார். பல் பதிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குழாயை ஜன்னல் வழியே திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்வின் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்.

“போன வருஷம் நீ அவளைத் திட்டுனப்ப நான்கூடச் சிரிச்சேன். இன்னிக்கும் நான்தான் ஆரம்பிச்சேன்.”

வண்டி நகர்ந்தது. நாலடி போய் நின்று, திரும்பி, கிளாடெட் வீட்டுப் பாதையில் இறங்கியது. எல்வின் அது போகிற வரைக்கும் பார்த்தார். மண்டபத்தில் இன்னும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள். வினிஃப்ரெட் கிழவி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள். குழாயின் அடித்தட்டு வெளியே தெரியும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் நடந்தார். இந்தத் தரம் யாரும் கைதட்ட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.